ஃபிலிப்ஸா, ஹாரிஸா?

பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் மகளிர் லீக் 2017-இல் தொடங்கியபோது எரின் ஃபிலிப்ஸுக்கு 31 வயது, டெய்லா ஹாரிஸுக்கு 19.

சிறுமியாகப் பையன்களோடு ஆடிய ஃபிலிப்ஸுக்கு 13 வயதுக்கு மேல் அந்த ஆட்டத்தில் வழியே இல்லை. கூடைப்பந்துக்குப் போனார். 2008 ஒலிம்பிக்கில் வெள்ளி, அமெரிக்க லீக்கில் இரண்டு பட்டங்கள். அப்புறம்தான் அடிலெய்ட் அணி. முன்களத்திலும் நடுக்களத்திலும் ஆடி, 2017, 2019 இரண்டிலும் லீக்கின் சிறந்த வீராங்கனை ஆனார். 2019 இறுதியாட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவரைத் தூக்கிச் சென்றபோது 53,034 பேர் எழுந்து கைதட்டினார்கள். ஆட்டநாயகியும் அவர்தான்.

ஹாரிஸ் முழுக்க முழுக்க உயரமான முன்கள வீராங்கனை. பந்தைத் தாவிப் பிடிப்பதும் நெடுந்தூரம் உதைப்பதும் அவர் பலம். பிரிஸ்பேன், கார்ல்டன், பிறகு மெல்போர்ன் அணிகளில் ஆடினார். 2022-இல் மெல்போர்னோடு கோப்பை. அவர் உதைக்கும் படத்தின் கீழ் 2019-இல் குவிந்த ஆபாசக் கருத்துகளை நேருக்கு நேர் எதிர்த்தார். அதே ஆண்டு மெல்போர்ன் நகரில் அந்த உதைக்குச் சிலையே வைத்தார்கள்.

விருதுக் கணக்கில் ஃபிலிப்ஸ் வெகுதூரம் முன்னால். ஆனால் முன்களத்தில் ஆட விரும்பும் ஒரு சிறுமிக்கு நான் முதலில் ஹாரிஸின் ஆட்டங்களைத்தான் போட்டுக் காட்டுவேன்.