கேமரா நிறுவனத்துக்கு முழுப் பணம் கொடுக்கும் முன் டிவிஆரைச் சோதித்துக்கொள்ளுங்கள்

நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை நடத்தி வருகிறேன். கடைசலில் விழும் பித்தளைச் சீவலை மூட்டை கட்டி வைத்து, மாதம் இருமுறை எடை போட்டு, மறுபடியும் உருக்குவது எங்கள் வழக்கம். அந்த எடை குறைந்துகொண்டே வந்ததால், கேமராக்களைத் தாங்களே தயாரிப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம், நான்கு கேமரா, ஒரு மைக், 2 டிபி (ஏறத்தாழ 2,000 ஜிபி) ஹார்டு டிஸ்க் கொண்ட, காட்சிகளைப் பதிந்துவைக்கும் டிவிஆர் பெட்டி ஆகியவற்றுக்காக ஆவணியில் 46,000 ரூபாயை மொத்தமாகச் செலுத்தினேன். இருபது நாள் பதிவு இருக்கும் என்று வாயால்தான் சொன்னார்கள். பில்லில் ‘கேமரா செட் 1’ என்று மட்டுமே இருந்தது. அதை அப்போதே மாற்றி எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

கார்த்திகை வேலை நெருக்கடியில் எடை போடத் தாமதமாகி, இரண்டு மூட்டை காணாமற்போனது பதினோராம் நாள்தான் தெரிந்தது. பதிவைத் தேடினால் ஐந்து நாளுக்கு முந்தைய காட்சி எதுவும் இல்லை. கும்பகோணத்திலிருந்து வேறொரு டெக்னீஷியனை வரவழைத்து டிவிஆரைத் திறந்தோம். டிஸ்க்கின் மேல் ‘2 டிபி’ என்று நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தபோது, அடியில் 500 ஜிபி என்ற அச்சும், ஏழு ஆண்டுக்கு முந்தைய தயாரிப்புத் தேதியும் தெரிந்தன. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21 ஜிபிக்கு மேல் ஆகும்; நான்குக்கு ஏறத்தாழ 86 ஜிபி. 500 ஜிபி ஆறு நாளைக்குக்கூடத் தாங்காது, பிறகு பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். டிவிஆரின் மெனுவில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்திருந்தால் இந்த அளவு முதல் நாளே தெரிந்திருக்கும்.

திருட்டைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. அட்மின் பாஸ்வேர்டை அந்த நிறுவனம் எனக்குக் கொடுக்கவே இல்லை. ‘சர்வீஸுக்கு வேண்டும்’ என்று தன்னிடமே வைத்துக்கொண்டது. கும்பகோணத்துக்காரர் அதை ரீசெட் செய்வதற்கு முன், என் செல்போனைத் தவிர இன்னும் இரண்டு போன்கள் எங்கள் டிவிஆரோடு இணைக்கப்பட்டிருந்ததைக் காட்டினார். மெருகு போடும் கொட்டகையில் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். மைக் இருந்தது அங்கேதான். அவர்கள் வீட்டுக் கஷ்டங்களைப் பேசிக்கொண்டதை முன்பின் தெரியாதவர்கள் மூன்று மாதம் கேட்டிருக்க முடியும் என்பதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

நிறுவனத்தை அழைத்தால், டிஸ்க்கை மாற்றியது நாங்களே என்று பழி போடுகிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு. கேமரா வாங்கவிருப்பவர்கள், டிஸ்க்கின் அளவையும் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பாஸ்வேர்டை உங்கள் கையாலேயே மாற்றுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு எண் கேமராவில் இருக்கிறதா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபாருங்கள்.

மைக்கை நிறுத்திவிட்டதாகச் சொன்னபோது கொட்டகையில் யாரும் நம்பவில்லை. அவர்கள் கண் முன்னாலேயே ஏணி போட்டு ஏறி, வயரைப் பிடுங்கி அவர்கள் கையில் கொடுத்தேன்.