மீன் ரத்தக் கறைக்கு என்சைம் பவுடர்: பாம்பனிலிருந்து

கடலுக்குப் போகிற ஆட்கள் உள்ள வீடு என்றால் பாக்கெட்டின் பின்பக்கம் 'என்சைம்' (கறையை வெட்டிக் கரைக்கும் நொதி) என்று அச்சிட்ட சலவைப் பவுடரை, எந்தக் கம்பெனி ஆனாலும் சரி, விலை கொஞ்சம் கூடுதல் என்றாலும் வாங்குங்கள். விசைப்படகிலிருந்து வரும் கைலியும் பனியனும் ரத்தமும் செதிலும் காய்ந்து விறைத்துக் கிடக்கும், அதைப் பச்சைத் தண்ணீரில் பவுடர் கரைத்து ஊறப்போட்டால் அரை மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பாகி, கறை விளிம்பிலிருந்து கரைய ஆரம்பிக்கிறது. அப்புறம் கையால் கசக்கினாலே போதும். கொதிநீர் மட்டும் ஊற்றாதீர்கள், ரத்தம் நூலோடு இறுகிவிடும், என்சைமும் கெட்டுப்போகும். டீசல் கறைக்கும் கணவாய் மைக்கும் இதை நம்ப வேண்டாம். பட்டுச்சேலை பக்கமே கொண்டுபோகாதீர்கள், ரத்தம் மாதிரியே பட்டும் புரதம்தான்.

புரதத்தை வெட்டும் இந்த என்சைம்கள் பெரும்பாலும் சப்டிலிசின் குடும்பம். அதில் ஒன்றான சப்டிலிசின் ஈ-யை வைத்துத்தான் பிரான்சிஸ் அர்னால்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி என்சைம் பொறியியலின் போக்கையே மாற்றினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல், ஏரோஸ்பேஸ் படித்துவிட்டு சூரிய ஆற்றலில் வேலை பார்த்தவர், பிறகு பெர்க்லியில் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம், அப்புறம் கால்டெக் என்ற கலிபோர்னியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் வேலை. முதலில் அவரும் கணக்குப் போட்டு என்சைமைத் திருத்தத்தான் பார்த்தார், சரிவரவில்லை. அதனால் மரபணுவில் கண்டபடி மாற்றங்களை உண்டாக்கி, பால் புரதம் கலந்த தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, எதைச் சுற்றிப் புரதம் கரைந்த வளையம் பெரிதாக விழுகிறதோ அதை எடுத்து மறுபடி மாற்றினார். நம்மூர் முண்டு மிளகாய்க்கு விதை எடுக்கிறவர்கள் நல்ல பழமாகப் பார்த்து ஒதுக்குவது மாதிரிதான். இது அறிவியலே இல்லை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. 1993-இல் வெளியான முடிவு: டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பான் 60 சதவீதம் கலந்த கரைசலில், சாதாரண என்சைம் திணறுகிற இடத்தில், புதியது 256 மடங்கு வேகமாக வேலை செய்தது. 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்கு.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2020 ஜனவரியில் அவர் செய்தது. முந்தைய ஆண்டு வந்த தன் கட்டுரையின் முடிவுகள் மறுபடி செய்தபோது கிடைக்கவில்லை என்றதும் அதைத் திரும்பப் பெற்று, தானே வெளிப்படையாக அறிவித்தார். நோபல் வாங்கிய பிறகு அப்படிச் சொல்ல மனசு வேண்டும்.

பவுடர் விஷயத்தில் ஒரு குறை உண்டு. நான் வாங்கிய பாக்கெட்டில் வெறுமனே 'என்சைம்' என்றுதான் இருக்கிறது. ரத்தத்துக்கானதா, சூடை மீன் எண்ணெய்க்கானதா என்று அதையும் தமிழில் போட்டால் வாங்குகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.