கள உயிரியலாளருடன் ஒரு முழு நாள்: களநடைச் சேவை குறித்த மதிப்புரை

நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று, தன் பொறுப்பில் உள்ள நிலத்தில் பணியாற்றும் கள உயிரியலாளருடன் பொதுமக்கள் ஒரு முழு நாளைச் செலவிட ஏற்பாடு செய்து வருகிறது. விலங்குகளைக் காட்டும் சுற்றுலா என்று எண்ணிப் பதிவு செய்பவர்கள் ஏமாறக்கூடும். எட்டு மணி நேரத்தில் நாங்கள் நடந்தது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு, கண்ணில் பட்ட பாலூட்டி ஒரே ஓர் அணில். ஆனால் ஒரு நிலம் எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்று அறிய விரும்புபவருக்கு இதைவிட நல்ல நாள் அமைவது அரிது.

விடியும் வேளையில் பறவைக் கணக்கெடுப்புடன் நாள் தொடங்கியது. குறித்த இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய எத்தனை மீட்டர் தொலைவில் இருந்தது என்பதையும் உயிரியலாளர் எழுதிக்கொண்டார். தூரம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். தொலைவில் இருக்கும் பறவைகளில் பல நம் கவனத்துக்குத் தப்பிவிடும், எவ்வளவு தப்புகின்றன என்பதைத் தூரக் கணக்கிலிருந்துதான் மதிப்பிட முடியும் என்று அவர் விளக்கினார்.

அடுத்த ஒன்றரை மணி நேரமும் புல்தரையில் மண்டியிட்டபடி கழிந்தது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருந்த செடிகளை இனவாரியாக எண்ணினோம். வெறும் புல் என்று நான் நினைத்திருந்த அந்தச் சதுரத்தில் பதினான்கு வகைத் தாவரங்கள் இருந்தன. பதினைந்தாவதாக ஒரு புல்லைக் காட்டிப் பெயர் கேட்டபோது, அவர் லென்ஸை எடுத்துத் தண்டையும் இலை அடியையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தெரியவில்லை. பூக்கட்டும், பார்ப்போம்" என்று சொல்லி, அந்த இடத்தில் ஒரு சிறு குச்சியை நட்டார். புற்களில் பலவற்றைப் பூங்கதிர் இல்லாமல் உறுதியாக இனங்காண முடியாது. வந்தவர்களுக்காக ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடாத அந்த நேர்மையே, அன்று முழுவதும் அவர் கூறிய மற்ற எல்லாவற்றையும் நான் நம்பக் காரணமாயிற்று.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது நிலத்தின் மூலையில் இருந்த ஓர் இரும்புக் கம்பி. ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில், அந்தக் கம்பியருகே நின்று, அதே உயரத்தில், அதே திசையில் ஒரு புகைப்படம் எடுக்கிறார்கள். அவர் கொண்டுவந்திருந்த பத்து ஆண்டுப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது, முதல் படத்தில் ஓரத்தில் ஒரு புதராக இருந்த உண்ணிச்செடி நான்காவது படத்தில் பாதி வெளியை அடைத்துக்கொண்டதும், வேரோடு பிடுங்கத் தொடங்கிய பிறகு புல் மெல்லத் திரும்பியதும் தெளிவாகத் தெரிந்தன. நிலத்தை வாங்குவதும் வேலியிடுவதும்தான் பாதுகாப்பு என்று அதுவரை எண்ணியிருந்தேன். 2030க்குள் உலகின் நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கைச் செய்தியில் படித்தபோதும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். பாதுகாக்கப்பட்டதாகக் கணக்கில் சேரும் நிலம் உண்மையில் என்ன நிலையில் இருக்கிறது என்பதை இத்தகைய ஆண்டுப் பதிவுகள் இல்லாமல் யாராலும் சொல்ல இயலாது.

மதியத்துக்குப் பிறகு ஒரு மரத்தடியில், இரையின் செரிக்காத மயிரும் எலும்புமாக ஆந்தை உமிழ்ந்த உருண்டை ஒன்றை அவர் இடுக்கியால் பிரித்துக் காட்டினார். சாம்பல் நிற மயிருக்குள்ளிருந்து விரல்நகம் அளவே இருந்த ஒரு கீழ்த்தாடை பற்களோடு வெளிவந்தது. பற்களின் அமைப்பைக் கொண்டு அது எலியா மூஞ்சூறா என்று பிரித்தறியலாமாம். பொறி வைக்காமலே அங்கு வாழும் சிற்றுயிர்களின் பட்டியல் நீள்கிறது. உருண்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த சிறுமி ஒருத்தி, அவர் பக்கத்தைவிட்டு மாலைவரை நகரவில்லை.

குறைகளும் உண்டு. ஒரே குழுவில் பதினெட்டுப் பேரைச் சேர்த்தது தவறு. சதுரச் சட்டத்தைச் சுற்றி ஆறு பேருக்கு மேல் அமர முடியாது, பின்னால் நின்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. முழுக்கால் உடை அவசியம் என்பதை முன்பதிவுக் கடிதத்தில் குறிப்பிடாததால் இருவர் கால்களில் முள் கீறல்களுடன் திரும்பினர். ஒரு வாரத்தில் வரும் என்று சொல்லப்பட்ட இனப்பட்டியல் ஆறு வாரம் கழித்தே வந்தது. இவை அனைத்தும் அலுவலகம் சரிசெய்ய வேண்டியவை. உயிரியலாளரின் பணியில் நான் ஒரு குறையும் காணவில்லை.

பொறுமையோடு ஓரிடத்தில் அமர முடிந்த சிறுவர்களையும் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். தாமதமாக வந்த அந்தப் பட்டியலில் பதினைந்தாவது புல்லுக்கு எதிரே இன்னும் கேள்விக்குறியே இருக்கிறது. அது பூக்கும் பருவத்தில் நடக்கவிருக்கும் அடுத்த களநடைக்கு நான் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன்.