தலையை மட்டும் வாங்காதீர்கள்: கல்லடி வீட்டில் இரண்டு பழைய சிங்கர் மெசின்கள்

பழைய தையல் மெசின் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தலை (மேசைக்கு மேலே இருக்கும் தைக்கும் பகுதி), மேசை, லாச்சிக்குள் கிடக்கிற சின்னச் சாமான் மூன்றும் ஒரே வீட்டிலிருந்து ஒன்றாக வந்தால் வாங்குங்கள். பிரிந்து போனதைப் பிறகு தேடிச் சேர்ப்பது பெரும்பாடு.

மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள என் வீட்டில் இரண்டு சிங்கர் மெசின்கள் இருக்கின்றன. அம்மம்மாவின் 15கே மாதிரிக் கால் மெசின், தலையை உள்ளே மடக்கி வைக்கும் மேசையோடு. மாமி தந்த 28கே மாதிரிக் கை மெசின், வளைந்த மரமூடியோடு. இரண்டும் பல வருடமாக வேலையில்தான் இருக்கின்றன. சட்டை, திரைச்சீலை, பிள்ளைகளின் சீருடை எல்லாம் இவற்றில்தான் தைக்கிறேன். இரண்டுமே ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்கில் செய்தவை. அந்தத் தொழிற்சாலை 1885 இல் தொடங்கி 1980 இல் மூடப்பட்டது. இலங்கைக்கு சிங்கர் 1877 இலேயே வந்துவிட்டதால், நம் பக்கத்தில் சீதனச் சாமான்களோடு வந்த மெசின்கள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன.

28கே-யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் வட்டப் பொபின் கிடையாது. கீழ்நூலைக் கொண்டோடும், முனை கூரான நீண்ட சட்டிலுக்குள் மெலிந்த நீளப் பொபின் போகும். சட்டிலின் பக்கத்தில் உள்ள குட்டித் திருகாணிதான் கீழ்நூலின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. சட்டில் ஓடும் குழியை இரண்டு இழுவைத் தகடுகள் மூடியிருக்கும். மெசினைத் தனியாகத் தூக்கிக் கொண்டுபோகும்போது முதலில் தொலைவது இந்தத் தகடுகள்; அடுத்தது சட்டில். அவை இல்லாவிட்டால் மினுங்குகிற கறுப்புத் தலை வெறும் காட்சிப் பொருள்தான். அடிப்பலகையின் ஓரத்தில் பொபின் வைக்க ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்குள் போட்டு மூடினால் எதுவும் தொலையாது. மூடியின் திறப்பையும் பத்திரமாக வைத்திருங்கள். திறப்பு இல்லாமல் திருகாணிச் சாவியால் நெம்பி உடைத்த மூடிகளை நிறையப் பார்த்துவிட்டேன். பார்க்கும்போது மனம் நோகும்.

மேசைக்கும் இதே கதை. 15கே முழு அளவுத் தலை, 28கே முக்கால் அளவு. ஒன்றின் மேசைத் துவாரத்தில் மற்றது உட்காராது. தலையில்லாத மேசையை வாங்கி வைத்துவிட்டு "பிறகு பார்ப்போம்" என்பவர்கள் இதை அளந்து பார்க்க வேண்டும். வார்ப்பிரும்புக் கால்களை மட்டும் கழற்றி, மேலே கண்ணாடி போட்டு சாப்பாட்டு மேசையாக்குவது இப்போது பழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்தக் கால்கள் ஓடுவதற்காக வார்த்தவை.

லாச்சிக்குள் இருந்த பாதங்களில் (ஊசிக்கடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் உதிரிகள்) 'சிமான்கோ' என்ற முத்திரையும் எண்ணும் அடித்திருக்கும். சிங்கரின் சொந்த உதிரி என்பதற்கு அதுதான் அடையாளம். நான் அதிகம் பாவிப்பது ஓரம் மடிக்கும் பாதம். துணியின் விளிம்பைச் சுருளுக்குள் கொடுத்து, தொடக்கத்தில் நூல்வாலைப் பின்னால் மெல்ல இழுத்துக்கொண்டால், அப்புறம் அது தானாகவே இரண்டு மடிப்பாகச் சுருண்டு ஊசியடிக்குப் போகும். சேலை ஓரத்துக்கு இதைவிட நேர்த்தியான வேலை எந்தப் புது மெசினிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக்காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும், மாரியில் மேசையின் மேற்தோல் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) எழும்பும். பழைய மேசைகளில் ஒட்டியிருப்பது விலங்குப் பசை, ஈரத்துக்கு இளகிவிடும். இளகுவதில் ஒரு நன்மையும் உண்டு: நம் ஓடாவி (தச்சர்) சூடுகாட்டி, அதே பசையால் திரும்ப ஒட்டித் தந்தார், மேற்தோல் கிழியவில்லை. மெசினுக்குத் தேங்காயெண்ணெய் மட்டும் விடாதீர்கள். நாளாக அது பிசினாகி மெசினைப் பூட்டிவிடும். அப்படிப் பூட்டியதற்கு மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு ஊறவைத்து, இளகிய பிறகு மெசின் எண்ணெய் விட வேண்டும். தலையிலுள்ள தங்கநிறப் பூவேலையை ஸ்பிரிட்டால் துடைத்தால் மேல்பூச்சு கரைந்து பூவும் போய்விடும். அங்கேயும் மெசின் எண்ணெய் தொட்ட பஞ்சுதான் சரி.

குறைகள் உண்டு. இரண்டும் நேர்த்தையல் மட்டும். 28கே-யில் பின்னுக்குத் தைக்க முடியாது. முடிவில் துணியைத் திருப்பித்தான் தைக்க வேண்டும். இழுபடும் பனியன் துணிக்கு ஒத்துவராது. கால் மெசினின் சக்கரத்தைச் சுற்றும் தோல் வார் நாளாக நீண்டு வழுக்கும். கொஞ்சம் வெட்டிக் கொளுவியை மறுபடி மாட்ட வேண்டும். ஊசி கவலையில்லை, வீட்டு மெசினுக்கு விற்கும் சாதாரண ஊசியே இரண்டுக்கும் போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதபோது, கால் மெசின் ஒரு நாளும் நிற்கவில்லை.

வாங்கினால் ஏற்றும் முறையையும் கவனியுங்கள். மேசையோடு சேர்த்துத் தூக்கவே கூடாது. தலையை மெல்லப் பின்னால் சாய்த்தால் அடியில் இரண்டு திருகாணி தெரியும். ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிக்க, அவற்றைத் தளர்த்தினால் பிணைச்சல் (கீல்) முளையிலிருந்து தலை கழன்று வரும். வாரை முன்னரே கழற்றிவிடுங்கள், லாச்சிகளைக் கயிற்றால் கட்டுங்கள், பாதங்களும் சட்டிலும் உங்கள் கைப்பைக்குள் வரட்டும். வீட்டில் திரும்பப் பூட்டியதும் அந்த இரண்டு திருகாணியையும் இறுக்காமல் தலையை நிமிர்த்தாதீர்கள்.