சமோவா அப்சர்வர்: கடிதப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

பசிபிக் தீவுகளிலிருந்து ஒரே ஒரு பத்திரிகை படிப்பதென்றால் எதைப் படிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது சமோவா அப்சர்வர். தலைநகர் ஆப்பியாவிலிருந்து வரும் ஆங்கில நாளிதழ், சமோவ மொழிச் செய்திகளும் உண்டு. 1978இல் சாவேயா சானோ மாலிஃபா தொடங்கியது. சில ஆண்டுகளாக இதன் இணையப் பதிப்பைத் தொடர்ந்து படித்து வருகிறேன்.

நாட்டின் மொத்த மக்கள்தொகையே இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல்தான். எழுதும் நிருபருக்கும் எழுதப்படும் அமைச்சருக்கும் சொந்தமோ, ஒரே ஊரோ, ஒரே சர்ச்சோ ஏதாவது ஒன்று இருந்துவிடும். அதோடு குடும்பத் தலைவரான மட்டாய், பாதிரியார் இவர்கள் முன்னால் குரல் உயர்த்தாமல் இருப்பதே மரியாதை என்று வளர்ந்த சமூகம் அது. அங்கே இருந்துகொண்டு பிரதமரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டுத் தலையங்கம் எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அரசாங்கத்துக்கென்று ஜெர்மானியர் ஆட்சிக் காலத்திலிருந்தே சாவாலி என்ற பத்திரிகை இருக்கிறது, அதன் வேலை வேறு.

இந்தத் துணிச்சலுக்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரியது. 1994இல் அச்சகமே எரிந்துபோனது. அப்புறம் அன்றைய பிரதமர் டோஃபிலாவ் எட்டி அலெசானா அவதூறு வழக்குப் போட்டார், அமைச்சர்களின் வழக்குச் செலவை அரசுப் பணத்திலிருந்தே கொடுக்கலாம் என்று கொள்கை முடிவும் எடுத்தார்கள். 2013இல் நீக்கிய குற்றவியல் அவதூறுச் சட்டத்தை 2017இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025 நவம்பரில்கூட, பிரதமரின் செய்தியாளர் சந்திப்புக்கு அப்சர்வர் நிருபர்கள் வரக்கூடாது என்று தடை.

ஆனால் நான் இதை விடாமல் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் அரசியல் இல்லை, 2019 தட்டம்மை. அதற்கு முந்தைய ஆண்டு, செவிலியர்கள் தடுப்பூசி மருந்தைத் தவறான திரவத்தில் கலந்ததால் இரண்டு குழந்தைகள் இறந்திருந்தார்கள், பெற்றோர்கள் பலர் பயந்து ஊசி போடுவதையே நிறுத்திவிட்டார்கள், அந்த இடைவெளியில் நோய் புகுந்தது. 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடிவிட்டு, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். உலகப் பத்திரிகைகளுக்கு அது ஒரு எண்ணிக்கை, இவர்களுக்கோ பக்கத்து வீட்டுக் குழந்தை. அந்த வாரங்களின் செய்திகளை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை, நடுநடுவே மூடி வைத்துவிட்டுத்தான் படித்தேன்.

2021இல் நாடாளுமன்றக் கதவைப் பூட்டிவிட, தேர்தலில் வென்ற ஃபியாமே நவோமி மட்டாஃபா வெளியே கூடாரம் போட்டுப் பிரதமராகப் பதவியேற்றாரே, அந்தக் குழப்பத்தையும் இதில்தான் தினம் தினம் பின்தொடர்ந்தேன்.

புதிதாகப் படிப்பவர்களைப் பெயர்கள் கொஞ்சம் குழப்பும். மட்டாய் பட்டம் சேரச் சேர ஒருவரின் பெயர் நீண்டுகொண்டே போகும், போன வருடம் ஒரு பெயரில் படித்தவரே இந்த வருடம் வேறு பெயரில் வருவார். ரக்பி பிடிக்காதவர்கள் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டிவிடலாம். சரி, எங்கிருந்து தொடங்குவது என்றால், ஆசிரியருக்கு வரும் கடிதங்கள். சர்ச்சுக்குக் காணிக்கை கொடுத்துக் கொடுத்தே குடும்பங்கள் கடனாளியாவது சரியா, ஊர்ச் சபை ஒரு குடும்பத்தையே ஊரைவிட்டு விலக்கி வைக்கலாமா என்று சமோவாவில் இருப்பவர்களும் நியூசிலாந்துக்குப் போனவர்களும் அங்கே மாறி மாறிச் சண்டை போடுவார்கள்.