கெத்தாராமவா, ஒழுங்கைக்குப் பின்னால் இருக்கும் மைதானமா?

2023 செப்டெம்பர் 17 பின்னேரம் கொழும்பு மாளிகாவத்தையில், கெத்தாராம என்று சனம் சொல்லும் ஆர். பிரேமதாச கிரிக்கெட் மைதானத்துப் பக்கம் நின்றேன். ஆசியக் கிண்ண இறுதி ஆட்டம். மழையால் தாமதமாகத் தொடங்கிய போட்டியில் இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது, இந்தியா 6.1 ஓவரில் கதையை முடித்துவிட்டது. இரவு ஆட்டம் விடும் நேரத்துக்கென்று கொத்து ரொட்டிக் கடைக்காரர் உருட்டி எண்ணெய் தடவி வைத்திருந்த மாவுருண்டைகள் தட்டுத் தட்டாக அப்படியே இருந்தன. சனம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனது. விளையாட்டு ஊரை வளர்க்கும் என்று யார் சொன்னாலும் அந்தத் தட்டுகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

ஊரை வளர்க்கும் என்று நானும் நம்புகிறேன். எந்த வழியில் வளர்க்கும் என்பதில்தான் பேச்சு இருக்கிறது. ஒரு வழி, ஆர். பிரேமதாச மைதானம் போன்ற பெரிய அரங்குக்குச் சர்வதேசப் போட்டிகளைக் கொண்டுவருவது. மற்றது, கொழும்பில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வனாத்தமுல்லை போன்ற இடங்களில் பொடியன்களும் பிள்ளைகளும் தினமும் விளையாடும் சிறு மைதானங்களுக்கு வெளிச்சமும் வடிகாலும் கழிப்பறையும் போட்டுக் கொடுப்பது.

பெரிய அரங்கின் பலம் டொலர். ஒளிபரப்பு உரிமை, விமானச் சீட்டு, ஹோட்டல் அறை என்று ஒரு தொடர் வந்தால் நாட்டுக்குள் வரும் காசு கொஞ்சமல்ல. 1986இல் சதுப்பு நிலத்தை நிரப்பி எழுப்பிய இந்த மைதானத்தில் 35,000 பேர் இருக்கலாம். போட்டி நாளில் கொடி விற்பவர், கடலை விற்பவர், த்ரீவீலர்க்காரர் எல்லோருக்கும் கை நிறையும். ஆனால் வெளிநாட்டு ரசிகர் காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டலில் தங்குகிறார், வாகனத்தில் வந்து பார்க்கிறார், திரும்பிப் போகிறார். கெத்தாராம வீதியில் அவர் ஒரு பிளேன்டீ கூடக் குடிப்பதில்லை. அந்த 2023 இறுதியின் ஆட்ட நாயகன், இந்தியப் பந்துவீச்சாளர் சிராஜ், தன் பரிசுப் பணத்தை மைதான ஊழியர்களுக்குக் கொடுத்தார். ஆசிய கிரிக்கெட் பேரவையும் இலங்கை கிரிக்கெட்டும் கொழும்பு, கண்டி ஊழியர்களுக்கு 50,000 டொலர் அறிவித்தன. மழைக்குள் தார்ப்பாய் இழுத்த கைகளுக்கு அது முழுக்கத் தகும். இருந்தாலும் அது அன்பளிப்பு. மாதா மாதம் வீட்டுக்கு வரும் வருமானம் வேறு.

இந்த இடத்தில் தெற்குக் கரையோர நகரமான காலியைப் பார்க்க வேண்டும். அங்கே மைதானத்தையும் கோட்டையையும் பஸ் நிலையத்தையும் நடந்தே சுற்றலாம். டெஸ்ட் போட்டி என்றால் ஐந்து நாள். இங்கிலாந்து ரசிகர்கள் கோட்டைக்குள் இருக்கும் சின்ன விடுதிகளில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, மதிலில் ஏறி நின்று ஆட்டம் பார்க்கிறார்கள். 2004 சுனாமி அந்த மைதானத்தை அழித்தது. 2007 டிசெம்பரில் மறுபடி டெஸ்ட் நடந்தபோது ஊரே எழுந்து நின்ற மாதிரி இருந்தது. ஹம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவவில் கதை வேறு. 2011 உலகக் கிண்ணத்துக்கென்று 35,000 பேருக்கான அரங்கைக் கட்டினார்கள், அந்தக் கிண்ணத்தில் அங்கே நடந்தவை இரண்டே போட்டிகள். சுற்றி ஊர் இல்லாத இடத்தில் அரங்கு மட்டும் ஊரைக் கொண்டுவராது. 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டிய மண்டைதீவு மைதானத்தைப் பற்றி யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் சந்தோஷமாகப் பேசும்போது நான் இதைத்தான் சொல்கிறேன்: காலியைப் பாருங்கள், விடுதியையும் பஸ்ஸையும் இப்போதே யோசியுங்கள்.

சரி, சிறு மைதானம். கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குப் போய்ப் பாருங்கள். அணிகள் நுழைவுக் கட்டணம் கட்டுகின்றன. பக்கத்துத் தெருவில் ஜேர்சி அச்சடிப்பவருக்கு வியாழன் இரவு வரை வேலை. மூலையில் ஒரு அக்கா காலை ஆறு மணிக்கே ரோல்ஸ் பொரித்து, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பேப்பர் விரித்து அடுக்கிக் கொண்டு வருவார். பத்தரைக்கு டப்பா காலி. மத்தியஸ்தருக்குக் கூலி, ஒலிபெருக்கிக்காரருக்கு வாடகை. தொகை சின்னதுதான். ஆனால் அடுத்த ஞாயிறும் வரும், அதற்கடுத்ததும் வரும், அந்தக் காசு அதே வட்டாரத்துக்குள் சுற்றும். அணியில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் கலந்துதான் இருப்பார்கள்; "மச்சான், விடு பந்தை" என்று மூன்று மொழியிலும் கத்துவார்கள். இந்த நகரத்தில் அதன் பெறுமதியைக் கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாது.

குறையும் உண்டு. ஒரே கழகம் மைதானத்தைப் பிடித்துக்கொள்ளும். வடகொழும்பு தாழ்ந்த நிலம், ஒரு மழைக்கே குளமாகும். பெண்பிள்ளைகளுக்கு இடமே கிடைப்பதில்லை, இதுதான் எனக்குப் பெரிய வலி. யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் விளையாடிய இலங்கை அணி 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றது. வலைப்பந்தாட்டத்துக்கு வேண்டியது ஒரு சின்னத் தளமும் இரண்டு வளையங்களும்தான். ஆறு மணிக்கு மேல் வெளிச்சமும் பூட்டுள்ள கழிப்பறையும் இல்லாததால் அம்மாமார் பிள்ளைகளை அனுப்புவதில்லை.

கெத்தாராமவை மூடச் சொல்லவில்லை, இருப்பதை நன்றாகப் பாவிப்போம். ஆனால் புதிதாக ஒரு ரூபாய் செலவழிக்க இருந்தால் அதை நான் ஒழுங்கைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கே கேட்பேன். முதலில் வடிகால், அப்புறம் மின்விளக்கு, வாரத்தில் இரண்டு பின்னேரம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். எல்லோருக்கும் தெரியும்படி மூன்று மொழியில் நேர அட்டவணை வாசலில் ஒட்டியிருக்க வேண்டும்.