‘போர்டு பழையது’ என்று சொன்னால் முதலில் கம்பிகளை எண்ணுங்கள்

நாகர்கோவிலில் உள்ள ஒரு கணினிக் கடையில் நெட்வொர்க் கார்டு, கேபிள், மாட்டுக்கூலி, பரிசோதனைக் கட்டணம் என்று மொத்தம் 4,850 ரூபாய் கொடுத்தேன். கிடைத்தது 2.5 ஜி (விநாடிக்கு 2.5 ஜிகாபிட்) என்று ஸ்டிக்கர் ஒட்டிய 1 ஜி கார்டு. செம்பு என்று விற்ற கேபிளில் இருந்தது அலுமினியம். அதன் இரண்டு முனைகளிலும் எட்டுக் கம்பிகளில் நான்கைத்தான் இணைத்திருந்தார்கள். இதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். தங்கள் கோளாற்றை என் கணினியின் தலையில் கட்டி, அதன் போர்டு (மதர்போர்டு) பழையது என்று சொல்லி, 38,000 ரூபாய்க்குப் புதியது வாங்கச் சொன்னார்கள். நானும் நம்பி, பணம் கொடுக்கக் கிளம்பிவிட்டேன்.

எனக்கு மார்த்தாண்டம் பக்கம் கல்யாண ஆல்பம், வீடியோ வேலை. தவக்காலம் முடிந்து ஈஸ்டர் கழிந்ததும் தேவாலயக் கல்யாணங்கள் வரிசையாக வரும். அதே நேரத்தில் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களும் சேர்ந்துகொள்ளும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமராக்களும் ட்ரோனும் எடுத்ததைக் கூட்டினால் ஏறக்குறைய 200 ஜிபி. முன்னறையில் இருக்கும் புதிய கணினியில் வேலையை முடித்து, பின்னறையில் இருக்கும் பழைய கணினிக்கு மாற்றிச் சேமித்து வைப்பேன். பழையது 2012இல் வாங்கியது. போர்டு ஹெச்61 சிப்செட் வகை, ப்ராசஸர் இரண்டாம் தலைமுறை ஐ3. இன்றுவரை ஒரு நாள்கூட என்னைக் கைவிட்டதில்லை. அதன் மதர்போர்டிலேயே இருக்கும் நெட்வொர்க் இணைப்பு 100 எம்பிபிஎஸ்தான் (விநாடிக்கு 100 மெகாபிட்) என்பது மட்டுமே குறை. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100ஐ எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்) வரும். கைக்குக் கிடைப்பது 11. ஒரு கல்யாணத்தை மாற்ற ஐந்து மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கி, இடையில் மின்சாரம் போனால் காலையில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

புதிய கணினியின் போர்டில் 2.5 ஜி இணைப்பு இருக்கிறது. பழையதிலும் அதே வேகத்தில் ஒரு கார்டை மாட்டி, இரண்டையும் ஒரே கேபிளால் நேராக இணைத்தால் போதும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு கணினிகளுக்கு நடுவே நெட்வொர்க் ஸ்விட்ச்சும் (பல கணினிகளை இணைக்கும் பெட்டி) தேவையில்லை.

கடையில் பெட்டி இல்லாமல் வெள்ளி நிறப் பையில் ஒரு கார்டை எடுத்து வைத்தார்கள். சிப்பின் மேலேயே ‘2.5 ஜி’ என்று பளபளப்பான ஸ்டிக்கர். விலை 2,600. கேட் 6 (நெட்வொர்க் கேபிளில் ஒரு தரம்), ‘ஒரிஜினல் செம்பு’ என்று சொல்லி 20 மீட்டர் கேபிளுக்கு 900. வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுக்க 850. பில் கேட்டேன். எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்கள். அதில் கடையின் ஜிஎஸ்டி எண் இல்லை. அந்த இடத்திலேயே நான் கையை இழுத்திருக்க வேண்டும்.

மறுநாள் இடவப்பாதி மழையில் நனைந்துகொண்டே பைக்கில் ஒரு தம்பி வந்தார். சுறுசுறுப்பான பையன். சுவர் ஓரமாகக் கேபிளை இழுத்து, முனைகளில் கனெக்டரை அழுத்திப் பொருத்தி (கிரிம்பிங் செய்து), கார்டையும் மாட்டி முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். பழைய கணினியிலிருந்து புதிய கணினியின் ஃபோல்டரைத் திறந்து காட்டி, “பாருங்கள் அண்ணாச்சி, இணைப்பு வந்துவிட்டது” என்றார். கார்டில் பச்சை விளக்கும் எரிந்தது. நானும் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ஒரு பெரிய கோப்பைக் காப்பி செய்து வேகத்தைக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அன்று இரவு ஒரு கல்யாணத்தை மாற்றப் போட்டேன். விநாடிக்கு 11 எம்பி.

தொலைபேசியில் கேட்டபோது, “போர்டு பழையது, இந்த வேகத்தைத் தாங்காது, எதற்கும் கொண்டுவாருங்கள்” என்றார்கள். சிபியுவை ஒரு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம் வழியாக நாகர்கோவில் போனேன். நான்கு நாள் கடையில் வைத்திருந்தார்கள். பிறகு பரிசோதனைக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பழைய போர்டில் எந்த கார்டைப் போட்டாலும் இதே வேகம்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 38,000 ரூபாய்க்குப் புதிதாக அசெம்பிள் செய்து தருவார்களாம். பழையதை 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார்களாம். இத்தனை வருடக் கல்யாணங்கள் இருக்கிற இயந்திரத்துக்கு அவர்கள் வைத்த விலை அது. வீட்டில் பேசிவிட்டு முன்பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சிபியுவோடு திரும்பினேன்.

என்னைக் காப்பாற்றியது என் மனைவி கேட்ட ஒரு கேள்வி. “பழைய இணைப்பில் 11. புதிய கார்டு போட்ட பிறகும் அதே 11. போர்டு தாங்கவில்லை என்றால் கொஞ்சமாவது கூடியோ குறைந்தோ வராதா? அச்சுப் பிசகாமல் அதே எண் எப்படி வரும்?”

ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் மகன் வந்திருந்தான். நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் பகுதியைத் திறந்து ‘லிங்க் ஸ்பீட்’ என்ற வரியைக் காட்டினான். 100/100 என்றிருந்தது. “மாமா, அத்தை கேட்டது சரிதான். கார்டு 100இல் ஓடுகிறது. கார்டையும் போர்டையும் அப்புறம் பார்ப்போம், முதலில் கேபிளைக் கொடுங்கள்” என்றான். கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்தான். கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக்கின் வழியாக உள்ளே எல்லாம் தெரியும். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டுமே முனைவரை போயிருந்தன. நீலமும் பழுப்பும் உறைக்குள்ளேயே நறுக்கி விடப்பட்டிருந்தன. மறு முனையிலும் அப்படியே.

100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். 1 ஜிக்கும் 2.5 ஜிக்கும் நான்கு ஜோடிகளும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி தொடாவிட்டாலும் இணைப்பு பெரும்பாலும் அறுந்துவிடாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், ஃபோல்டர் திறக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அந்தக் கடைக்குக் கண்காணிப்பு கேமரா மாட்டுவதுதான் முக்கியத் தொழில். கேமராவுக்கு 100 போதும் என்பதால் நான்கு கம்பிகளை மட்டும் இணைத்துப் போவது அந்த வேலையில் நடக்கிற பழக்கம் என்று மருமகன் சொன்னான். அந்தத் தம்பி வேண்டுமென்று செய்யவில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கணினி நான்கு நாள் கடையில் இருந்ததே! அவர்களுடைய நல்ல கேபிள் ஒன்றைச் செருகியிருந்தால் 100 என்பது உடனே 1000 (அதாவது 1 ஜி) ஆகியிருக்கும். செருகிப் பார்க்காமலே 500 ரூபாய் வாங்கினார்களா, பார்த்துவிட்டு மறைத்தார்களா? இரண்டில் எதுவானாலும் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

மருமகன் இரண்டு முனைகளையும் வெட்டி, எட்டுக் கம்பிகளையும் ஒழுங்காக வைத்துக் கிரிம்பிங் செய்தான். அதே பழைய போர்டு. விநாடிக்கு 112 எம்பி. ஐந்து மணி நேர வேலை அரை மணி நேரமாகிவிட்டது. செம்புக் கம்பியில் 1 ஜி ஓட்டும் தரம் வந்தது 1999இல். 2012இல் வாங்கிய கணினி அதைத் தாங்காது என்று ஒரு கணினிக் கடை சொல்கிறது!

ஆனால் நான் காசு கொடுத்தது 2.5 ஜிக்கு. லிங்க் ஸ்பீட் 1000இலேயே நின்றது. டிவைஸ் மேனேஜரில் அந்த கார்டைத் திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் ‘ஸ்பீட் அண்ட் டூப்ளக்ஸ்’ என்ற பட்டியலைப் பார்த்தோம். 10, 100, 1 ஜி, அவ்வளவுதான். 2.5 ஜி கார்டாக இருந்தால் அந்தப் பட்டியலில் 2.5 இருக்க வேண்டும். டீடெய்ல்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடியை (சிப்பின் அடையாள எண்) பார்த்தோம். ‘டெவ்’ என்பதற்குப் பின்னால் 8168 என்று இருந்தது. அது ரியல்டெக் நிறுவனத்தின் 1 ஜி சிப். அதே நிறுவனத்தின் 2.5 ஜி சிப் என்றால் 8125 என்று காட்டும். கார்டைக் கழற்றி ஸ்டிக்கரை நகத்தால் உரித்தோம். அடியில் சிப்பின் மேல் 8111 என்று பொறித்திருந்தது. 8168 ஐடியோடு வரும் 1 ஜி சிப்தான் அது. அந்த நிறுவனத்தின்மேல் ஒரு தவறும் இல்லை. அதன் நல்ல சிப் ஒன்றின் முகத்தை மூடி வேறு பெயரில் விற்றவர்கள்மேல்தான் தவறு. கேபிள் துண்டு ஒன்றைப் பிளேடால் சுரண்டினால் செம்பு நிறப் பூச்சுக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது.

உண்மையான 2.5 ஜி கார்டை என் போர்டு தாங்குமா? தாராளமாகத் தாங்கும். 2.5 ஜிக்கு விநாடிக்கு 312 எம்பி வழி வேண்டும். ஹெச்61 போர்டில் கார்டு செருகும் சிறிய எக்ஸ்1 ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறை. போகவும் வரவும் தனித்தனியாக விநாடிக்கு 500 எம்பி வழி இருக்கிறது. அதற்கும் முந்தைய ஜி41 போன்ற போர்டு வைத்திருப்பவர்களுக்கு முதல் தலைமுறை ஸ்லாட்தான், 250 எம்பி. அங்கே 2.5 ஜி கார்டு வேலை செய்யும், ஆனால் முழு வேகம் வராது. அதைவிடப் பழைய, நீளமான வெள்ளை பிசிஐ ஸ்லாட்டில் மொத்தமே 133 எம்பிதான், அதையும் மற்ற கார்டுகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அதில் பணம் போட வேண்டாம். கேபிளைப் பற்றியும் பயமுறுத்துவார்கள். 2016இல் 2.5 ஜி தரம் வந்ததே, கட்டடங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கேட் 5இ கேபிளில் 100 மீட்டர்வரை போக வேண்டும் என்பதற்காகத்தான். நல்ல செம்புக் கேபிள் இருந்தால் மாற்றத் தேவையில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் சேமிப்பவர்களுக்கு 1 ஜியிலிருந்து 2.5 ஜிக்குப் போவதில் பெரிய லாபம் இல்லை. என் டிஸ்க் விநாடிக்கு 160 எம்பிக்கு மேல் எழுதுவதில்லை. எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். கடையில் யாராவது முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால், 1 ஜி கார்டே போதும் என்று மனநிறைவோடு வாங்கியிருப்பேன்.

கார்டையும் உரித்த ஸ்டிக்கரையும் எடுத்துக்கொண்டு போனேன். “மாட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை” என்றார்கள். சீட்டைக் காட்டினேன். “அது பில் இல்லையே” என்றார்கள். அவர்கள் தராத பில்லையே எனக்கு எதிராகக் காட்டினார்கள்! பொருளுக்குப் பில்லோ ரசீதோ தராததை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறைகளில் ஒன்றாகவே சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அவர்கள் எதிரிலேயே அழைத்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையம் இதே நாகர்கோவிலில்தான் இருக்கிறது, 5 லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம்வரை நேரம் இருக்கிறது என்றும் சொன்னேன். பணம் அனுப்பிய யுபிஐ பதிவும் கைப்பேசியில் இருந்தது. உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து 2,600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேபிளுக்கும் கூலிக்கும் பரிசோதனைக்கும் கொடுத்த 2,250 ரூபாய் இன்னும் வரவில்லை. அதற்காக ஆணையத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேறொரு கடையில் கார்டை அங்கேயே ஒரு கணினியில் செருகி, 8125 என்ற ஐடியைப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் காட்டினார்கள். பழைய கணினியில் ஒரு எஸ்எஸ்டியும் சேர்த்திருக்கிறேன். இப்போது விநாடிக்கு 260 எம்பி வருகிறது.

அன்று பணத்தை வாங்கிக்கொண்டு அந்தக் கடையிலிருந்து இறங்கும்போது, வாசலில் ஒரு பெரியவர் சாக்கில் சுற்றிய சிபியுவோடு நின்றிருந்தார். இணைய வேகம் வரவில்லை என்று கொண்டுவந்தாராம். போர்டு பழையது என்று சொல்லிவிட்டார்களாம். “ஐயா, உங்கள் வீட்டுக் கேபிளின் முனையில் எத்தனை கம்பி இருக்கிறது?” என்று கேட்டேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிபியுவைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு என்னோடு நடந்து வந்தார்.